யார் சொல் செல்லும்? பசிபிக் தீவுகளின் ஆட்சி பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் சமோவா, பப்புவா நியூகினியின் சுயாட்சிப் பகுதியான போகன்வில், பீஜி ஆகிய இடங்களின் ஆட்சிமுறை பற்றி ஒரு கட்டுரை வந்தது. அதை வாசித்துவிட்டு மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். அடுத்த தேர்தலில் எங்கே யார் வெல்வார் என்று கேட்டு வந்த கடிதங்களை ஒதுக்கிவிட்டோம். ஆரூடம் எங்கள் வேலை இல்லை.

கேள்வி: சமோவாவில் 'மத்தாய்' பட்டம் உள்ளவர்தான் பாராளுமன்றத்துக்கு நிற்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். எங்கட கோயில்களில் குடிக்கு ஒரு வண்ணக்கர் இருப்பது போலவா? பட்டத்தை யார் கொடுப்பது, சண்டை வந்தால் யார் தீர்ப்பது?
(கோயில் பரிபாலன சபை உறுப்பினர், களுவாஞ்சிகுடி)

பதில்: பாதி ஒக்கும், பாதி ஒவ்வாது. குடியின் சார்பில் கோயிலைப் பரிபாலிக்கும் வண்ணக்கரின் அதிகாரம் கோயில் வீதியோடு நின்றுவிடும். மத்தாய் என்னும் குடும்பத் தலைவர் பட்டத்தோடு காணி, குடும்பம், ஊர்ச்சபை மூன்றும் சேர்ந்தே வரும். சமோவாவின் நிலத்தில் ஏறத்தாழ 80 வீதம் வழமைக் காணி. அதை விற்க முடியாது. அது பட்டத்தின் பேரில் கிடக்கும். பட்டத்தைச் சுமப்பவர் குடும்பத்தின் சார்பில் யார் எங்கே வீடு கட்டலாம், யார் எதைப் பயிரிடலாம் என்று சொல்வார்.

பட்டம் தகப்பனிடமிருந்து மகனுக்குத் தானாக இறங்குவதில்லை. பட்டக்காரர் இறந்தால் உரிமை கோரும் கிளைகள் எல்லாம் கூடும். தாய்வழியில் வந்தவரும் கோரலாம், தகப்பன்வழியில் வந்தவரும் கோரலாம், பெண்ணும் கோரலாம். கைதூக்கி எண்ணும் வழக்கம் இல்லை. எல்லோரும் ஒத்துக்கொள்ளும்வரை பேச்சு இழுக்கும். பெயர் முடிவானதும் ஊரைக் கூட்டிக் கவா பானம் பரிமாறிப் பட்டம் சூட்டுவார்கள். அதன்பிறகு பதிவு. பதியாத பட்டத்தை வைத்துக்கொண்டு தேர்தலில் நிற்க முடியாது. கிளைகள் ஒத்துவராவிட்டால் காணி, பட்டங்களுக்கென்றே உள்ள தனி நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும். அங்கே முக்கிய சாட்சியம் வம்சாவளி. கோயில் வழக்குகள் மாவட்ட நீதிமன்றத்தில் தவணை தவணையாக இழுபடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது.

ஒரே பட்டத்தைப் பலருக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்பதில்தான் வில்லங்கம். குடும்பச் சண்டையைத் தணிக்க அது நல்ல வழி. ஆனால் 1962 ஜனவரி 1 இல் சுதந்திரம் கிடைத்தபோது 47 ஆசனங்களில் 45 க்கு மத்தாய்கள் மட்டுமே வாக்களிக்கலாம் என்று யாப்பு சொன்னது. வாக்கு மத்தாயிடம் இருந்தால், வாக்கைப் பெருக்க மத்தாய்களைப் பெருக்கினால் போதுமே! தேர்தலுக்குத் தேர்தல் புதுப் பட்டங்கள் முளைத்தன. 'வாக்குப்பெட்டி மத்தாய்' என்று ஊரே கேலி செய்தது. இந்தக் கூத்துத்தான் 1990 இன் மக்கள் வாக்கெடுப்புக்கு இழுத்துச் சென்றது. சொற்ப வித்தியாசத்தில் 21 வயது நிறைந்த எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்தது. 1991 தேர்தல் அப்படி நடந்த முதல் தேர்தல். நிற்பவர் மட்டும் இன்றுவரை மத்தாயாக இருக்கவேண்டும்.

அதுவும் போதாது. நாட்டில் 3 வருடம் வசித்திருக்கவேண்டும். 'மொனொத்தங்கா' எனப்படும் ஊர்க்கடமையைச் செய்திருக்கவேண்டும். சாவீடு, தேவாலயம், ஊர்ப்பொதுவேலை என்று வரும்போது பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ கொடுத்த பங்குதான் அது. தேர்தலில் தோற்றவர் வழக்குப் போடும்போது பலமுறை கையில் எடுப்பது இதைத்தான்: "இவர் ஊருக்கு ஒன்றும் செய்யாதவர்." ஊர்ச்சபைக்கு 1990 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தண்டம் விதிக்கும் அதிகாரத்தையும் எழுத்தில் கொடுத்திருக்கிறது. பன்றி, பின்னிய பாய், டின்மீன் பெட்டி என்று தண்டம் கட்டவேண்டி வரும். சபையின் முடிவு பிழை என்று நினைப்பவர் மேற்சொன்ன நீதிமன்றத்துக்கு மேன்முறையிடலாம்.

கேள்வி: பெண்களுக்கான ஒதுக்கீட்டை வைத்தே ஒரு பெண் பிரதமராவதைத் தடுக்கப் பார்த்தார்கள் என்பது உண்மையா?
(சட்ட மாணவி, காத்தான்குடி)

பதில்: உண்மை. கணக்கைப் பார்த்தால் விளங்கும். 2013 இல் சமோவா தன் யாப்பைத் திருத்தி, பாராளுமன்றத்தில் குறைந்தது 10 வீதம் பெண்கள் இருக்கவேண்டும் என்றது. குறைந்தால், தோற்ற பெண் வேட்பாளர்களில் கூடிய வாக்கு வீதம் எடுத்தவரை மேலதிக உறுப்பினராகச் சேர்க்கவேண்டும். அப்போது 49 ஆசனங்கள். "அதாவது தற்போது 5" என்று ஒரு விளக்க வாசகத்தையும் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள்.

2021 ஏப்ரலில் ஆசனங்கள் 51. வென்ற பெண்கள் 5 பேர். 51 இல் 5 என்பது 9.8 வீதம். 10 வீதம் என்றால் 5.1. அரை மனிசியைப் பாராளுமன்றத்துக்கு அனுப்ப முடியாதே. 5 போதுமா, 6 வேண்டுமா? சாதாரண காலமாக இருந்தால் இது கணக்கு வாத்தியார்களின் பிரச்சினையாகப் போயிருக்கும். ஆனால் ஆளுங்கட்சிக்கு 25, ஃபியாமே நவோமி மத்தாஃபா தலைமையிலான புதுக் கட்சிக்கு 25, சுயேச்சை 1 என்று முடிவு வந்திருந்தது. சுயேச்சை புதுக் கட்சிப் பக்கம் சாய்ந்தால் 26 க்கு 25. இந்த நேரம் பார்த்துத் தேர்தல் ஆணையாளர் ஆளுங்கட்சிப் பெண் ஒருவரை ஆறாவது பெண் உறுப்பினராக அறிவித்தார். 26 க்கு 26. முட்டுக்கட்டை. உடனே மறுதேர்தல் அறிவிப்பும் வந்தது.

நீதிமன்றம் அந்த நியமனத்தையும் மறுதேர்தலையும் மே மாதத்தில் ரத்துச் செய்தது. மே 24 இல் சபை கூடவேண்டும். கதவு பூட்டிக் கிடந்தது. புதுக் கட்சி வெளியே கூடாரம் அடித்து அங்கேயே சத்தியப்பிரமாணம் செய்துகொண்டது. மேன்முறையீட்டு நீதிமன்றம் இரண்டு விடயங்களைத் தெளிவாக்கியது. 10 வீதம் என்றால் 6 பெண்கள்தான். ஆனால் அந்தக் கணக்கைத் தேர்தல் வழக்குகளும் இடைத்தேர்தல்களும் முடிந்த பிறகே பார்க்கவேண்டும். ஜூலை 23 இல் கூடாரச் சத்தியப்பிரமாணம் செல்லும் என்று தீர்ப்பு வர, 22 வருடமாகப் பிரதமராக இருந்த துய்லாயேப்பா விலகினார்.

சட்டம் படிப்பவர் இதில் கவனிக்கவேண்டியது ஒன்று. வீதத்தை எழுதினால் பின்னத்தை மேலே முழுமையாக்குவதா கீழேயா, எந்த நாளில் எண்ணுவது என்பதையும் அதே பிரிவில் எழுதவேண்டும். நம் உள்ளூராட்சித் தேர்தலில் பெண்களுக்கான 25 வீதம் வேட்புமனுப் பட்டியலிலேயே தொடங்குகிறது: வட்டாரப் பட்டியலில் 10 வீதம், மேலதிகப் பட்டியலில் 50 வீதம் பெண்கள். அதனால் தேர்தல் முடிந்த பிறகு யாரையாவது தேடிப் பிடிக்கும் வேலை குறைவு. ஃபியாமேயின் அரசு 2025 மே மாதம் வரவுசெலவுத் திட்ட வாக்கெடுப்பில் தோற்றது. ஓகஸ்டில் நடந்த தேர்தலில் அவர் முன்பு தலைமை தாங்கிய கட்சி அவரில்லாமலேயே வென்றது. அது வேறு கதை.

கேள்வி: போகன்வில்லில் 98 வீதம் பேர் தனிநாட்டுக்கு வாக்களித்தும் ஏன் இன்னும் தனிநாடு இல்லை?
(ஓய்வுபெற்ற அதிபர், திருக்கோவில்)

பதில்: ஒப்பந்தம் அப்படித்தான் எழுதப்பட்டது. இரு தரப்பும் தெரிந்தே கையெழுத்து வைத்தார்கள்.

பங்குனா செப்புச் சுரங்கத்தின் காணி, நட்டஈடு, ஆற்றில் கொட்டிய கழிவு என்று தொடங்கிய பிணக்கு 1988 இன் இறுதியில் ஆயுதப் போராக மாறியது. 1989 இல் சுரங்கம் மூடப்பட்டது. பப்புவா நியூகினி அரசு தீவை முற்றுகையிட்டதில் மருந்து கிடைக்காமல் செத்தவர்களும் ஏராளம். 1997 இல் நியூசிலாந்தின் பேர்ணம் முகாமில் பேச்சு தொடங்கியது. போர்நிறுத்தத்தைக் கண்காணிக்க வந்த நியூசிலாந்து, அவுஸ்திரேலியா, பீஜி, வனுவாட்டு அணியினர் ஆயுதம் ஏந்தாமல் வந்தார்கள். 2001 ஓகஸ்ட் 30 இல் அராவா நகரில் ஒப்பந்தம்.

அதற்கு மூன்று கால்கள்: சுயாட்சி, ஆயுதக் களைவு, பொதுசன வாக்கெடுப்பு. ஒன்றை மற்றதோடு பூட்டியதில்தான் கெட்டித்தனம். ஆயுதங்களை முதலில் அந்தந்தப் பிரிவிடமே பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். அடுத்த கட்டத்தில் அவை பெரிய கொள்கலன்களுக்குப் போயின. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பூட்டு: ஒரு திறப்பு தளபதியிடம், மற்றது ஐ.நா. பார்வையாளரிடம். இந்தக் கட்டம் முடிந்தது என்று ஐ.நா. உறுதிப்படுத்தினால்தான் சுயாட்சிக்கான யாப்புத் திருத்தம் உயிர்பெறும். ஆயுதத்தை வைத்துவிட்டு ஏமாந்துபோவோமோ என்ற பயம் போராளிக்கும் வராது, அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு ஏமாந்துபோவோமோ என்ற பயம் அரசுக்கும் வராது. ஓட்டையும் இருந்தது. பங்குனாவைச் சுற்றியிருந்த போராளித் தலைவர் ஃபிரான்சிஸ் ஓனாவின் ஆட்கள் ஒப்பந்தத்துக்குள் வரவேயில்லை. அவர்களுடைய துப்பாக்கிகள் கணக்கில் சேரவில்லை.

வாக்கெடுப்புக்கும் காலம் குறித்திருந்தார்கள். முதல் சுயாட்சி அரசு 2005 இல் தெரிவானது. அதிலிருந்து 10 வருடத்துக்கு முன் நடத்தக்கூடாது, 15 வருடத்தைத் தாண்டவும் கூடாது. 2019 நவம்பர் 23 முதல் டிசம்பர் 7 வரை வாக்களிப்பு. வாக்கெடுப்பு ஆணைக்குழுவுக்கு அயர்லாந்தின் முன்னாள் பிரதமர் பேர்ட்டி அஹேர்ண் தலைவர். தனிநாட்டுக்கு 176,928 வாக்கு, கூடிய சுயாட்சிக்கு 3,043 வாக்கு.

இப்போது சிக்கல். முடிவு பப்புவா நியூகினிப் பாராளுமன்றத்தின் அங்கீகாரத்துக்கு உட்பட்டது என்று ஒப்பந்தம் சொல்கிறது. எத்தனை வாக்கால் அங்கீகாரம், எப்போதைக்குள், மறுத்தால் அடுத்தது என்ன என்பது பற்றி ஒப்பந்தத்தில் தெளிவில்லை. சாதாரணப் பெரும்பான்மை போதும் என்பது போகன்வில் தரப்பு. மூன்றில் இரண்டு வேண்டும் என்பது மத்திய அரசு. 2025 ஜூனில் இதைப் பாராளுமன்றத்தில் எப்படி எடுப்பது என்று இன்னொரு உடன்படிக்கை செய்தார்கள். போகன்வில் தலைவர்கள் 2027 செப்டம்பர் 1 ஐச் சுதந்திர நாளாகக் குறித்திருக்கிறார்கள். திறப்பு யாரிடம் இருக்கவேண்டும் என்பதுவரை எழுதியவர்கள் இந்த இடத்தைத் தவறவிட்டார்கள் என்று சொல்வது சுலபம். எங்கள் கணிப்பில் வேண்டுமென்றே விட்டார்கள். 2001 இல் இதைப் பேசியிருந்தால் கையெழுத்தே விழுந்திராது.

கேள்வி: குடிமுறை போல பசிபிக்கிலும் தாய்வழி உண்டா? உண்டென்றால் அங்கே பெண்கள்தானே ஆட்சியில் கூட இருக்கவேண்டும்?
(ஆசிரியை, ஆரையம்பதி)

பதில்: தாய்வழி நிறையவே உண்டு. பலாவு, மார்ஷல் தீவுகள், போகன்வில்லின் பெரும்பகுதி, சொலமன் தீவுகளின் இசபெல், குவாடல்கனால் என்று போகலாம். இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லை என்பதுதான். காரணம் உங்களுக்கும் தெரியும். மட்டக்களப்பில் குடி தாய்வழியில் வருகிறது, வீடுவளவு மகளுக்குப் போகிறது. ஆனால் கோயிலில் வண்ணக்கராகவும் பள்ளிவாசலில் மரைக்காயராகவும் இருப்பவர் ஆண். அங்கேயும் காணி தாயுடையது, கூட்டத்தில் பேசும் வாய் தாய்மாமனுடையது. மரக் கம்பனியோ சுரங்கக் கம்பனியோ வந்தால் கடதாசியில் கையெழுத்து வைப்பவர் பேசுபவர்தான். பிறகுதான் காணிக்காரிக்கு விடயமே தெரியவரும்.

பலாவில் பெண்களின் கை சற்று ஓங்கியிருக்கிறது. குலத்தின் மூத்த பெண்கள்தான் ஆண் தலைவரைத் தெரிவுசெய்வார்கள். சரியில்லை என்றால் பட்டத்தைப் பறிக்கவும் முடியும். மார்ஷல் தீவுகளில் 2016 இல் ஹில்டா ஹைனி சனாதிபதியானார். சுதந்திர பசிபிக் தீவு நாடொன்றில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். ஆனால் பப்புவா நியூகினியில் 2017 தேர்தலில் ஒரு பெண்கூட வெல்லவில்லை. 2022 இல் 118 பேரில் இருவர்.

ஒதுக்கீடு எப்படி அமைகிறது என்பதைப் பொறுத்தே பலன். போகன்வில் சட்டசபையில் வடக்கு, மத்தி, தெற்கு என்று பெண்களுக்கு 3 ஆசனங்கள். முன்னாள் போராளிகளுக்கும் 3. பெண் வேட்பாளர் ஒரு பிராந்தியம் முழுக்க அலையவேண்டும், பாதையில்லாத மலையூர் உட்பட. பொதுத் தொகுதியில் நிற்கப் போனால், "உங்களுக்குத்தான் தனி ஆசனம் இருக்கிறதே, இங்கே ஏன் வருகிறீர்கள்" என்ற பேச்சும் வரும். அதையும் மீறி 2015 இல் ஜோசபின் கெற்சி பொதுத் தொகுதியில் வென்றார். கீழ்மட்டத்தில் செய்தது இதைவிட நல்ல வேலை. 2016 சமூக அரசாங்கச் சட்டப்படி ஒவ்வொரு வட்டாரமும் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் தெரிவுசெய்யவேண்டும். பெண்ணுக்கு இடம் கொடுத்ததால் ஆணுக்கு இடம் போய்விட்டது என்று புலம்ப வழியில்லை. தலைமைப் பதவியும் ஆண், பெண் என்று மாறி மாறி வரும்.

கேள்வி: பீஜியில் கரும்புத் தோட்டத் தமிழருக்குச் சொந்தக் காணி இல்லையாமே? குத்தகை முடிந்தால் என்ன செய்கிறார்கள்?
(கரும்புச் செய்கையாளர், அம்பாறை)

பதில்: 1879 முதல் 1916 வரை ஒப்பந்தக் கூலிகளாக 60,000 க்கும் மேற்பட்டோர் இந்தியாவிலிருந்து பீஜிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். சென்னைத் துறைமுகம் வழியாகத் தென்னிந்தியர் போனது 1903 இலிருந்து. அவர்கள் 1926 இல் நாந்தியில் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் இன்றும் பாடசாலைகளை நடத்துகிறது.

காணிக்கு வருவோம். பீஜியின் நிலத்தில் 87 வீதமளவு ஆதிக்குடிகளின் 'மத்தங்கலி' எனப்படும் குலக்கூட்டங்களுக்குச் சொந்தம். விற்க முடியாது. 1940 இலிருந்து ஒரு காணிச் சபை அவற்றின் சார்பில் குத்தகைக்குக் கொடுக்கிறது. விவசாயக் குத்தகையை 1976 ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது: தவணை 30 வருடம், வருட வாடகை வெறுங்காணிப் பெறுமதியில் 6 வீதத்துக்கு மேல் போகக்கூடாது. நம் பக்கத்து அனுமதிப்பத்திரக் காணியோடு ஒப்பிடாதீர்கள். அங்கே எதிரே நிற்பது அரசல்ல, ஒரு குலம். அதற்கும் பிள்ளைகள் பெருகுகிறார்கள், அவர்களுக்கும் காணி வேண்டும்.

பிழைத்தது எங்கே? 30 வருடம் கரும்புக்குத் தாராளம். ஆனால் எல்லாத் தவணையும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில், 1997 இலிருந்து, முடியத் தொடங்கியது. 2000 ஆம் ஆண்டு ஆட்சிக்கவிழ்ப்பும் அதே நேரத்தில் வந்து சேர்ந்தது. பல குலங்கள் புதுப்பிக்க மறுத்தன. சில இடங்களில் புதுப்பிக்க முன்பணம் கேட்டார்கள். கடைசி நாலைந்து வருடத்தில் உழவர் புதுக்கட்டை நடாமல் மறுதாம்பையே வெட்டிக்கொண்டிருந்தார்கள், விளைச்சல் விழுந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நகரத்தின் ஓரத்துக்கு வந்தன. காணி எடுத்தவர்களில் பலர் கரும்பு செய்யவில்லை, ஆலைக்கும் கரும்பு குறைந்தது.

மறுபக்க நியாயத்தையும் சொல்லவேண்டும். 2011 வரை குத்தகைப் பணத்தில் சபையின் கழிவு போக 30 வீதம் மூன்று படிநிலைத் தலைவர்களுக்குப் போனது. மிகுதி 70 வீதத்தை நூற்றுக்கணக்கான உறுப்பினர் பங்கிடும்போது கையில் கிடைப்பது சில்லறை. "ஏன் புதுப்பிக்கவேண்டும்" என்று சாதாரண உறுப்பினர் கேட்டதில் வியப்பில்லை. 2011 முதல் எல்லோருக்கும் சமபங்கு. எங்கள் பார்வையில், குத்தகைக்காரரின் பாதுகாப்புக்கும் அதுவே நல்லது. கையில் பணம் வருகிற உறுப்பினர்தான் சம்மதக் கடதாசியில் கையெழுத்து வைப்பார்.

கேள்வி: சின்னத் தீவுகள் பெரிய மீன் கப்பல்களிடம் பணம் வாங்குகின்றனவாம். எங்கட கடலுக்கு அப்படிச் செய்ய ஏலாதா?
(பலநாள் படகு உரிமையாளர், வாழைச்சேனை)

பதில்: 1982 ஆம் ஆண்டின் நவுறு உடன்படிக்கையில் இன்று சேர்ந்திருக்கும் 8 நாடுகள் செய்த வேலை அது. முன்பு ஒவ்வொரு நாடும் தனித்தனியே பேசி, பிடித்த சூரையின் பெறுமதியில் சிறு வீதத்தை வாங்கின. பிடித்தது எவ்வளவு என்று சொல்வது கப்பல்காரன். இப்போது விற்பது மீனை அல்ல, நாளை. வருடத்துக்கு இத்தனை கப்பல் நாட்கள் என்று உச்சவரம்பு வைத்து நாடுகள் பங்கிட்டுக்கொள்ளும். ஒரு நாளின் அடிவிலை 8,000 அமெரிக்க டொலர். 50 மீற்றருக்குக் குறைந்த சுருக்குவலைக் கப்பலுக்கு ஒரு நாள் அரை நாளாகக் கழியும், 80 மீற்றரைத் தாண்டினால் ஒன்றரை நாள். எல் நினோ வருடத்தில் மீன் கிழக்கே கிரிபாட்டிப் பக்கம் போய்விடும். அப்போது மீனில்லாத நாடு தன் நாட்களை மீனுள்ள நாட்டுக்கு விற்கலாம்.

ஏமாற்று வேலை இல்லாமல் இல்லை. "இன்று வலை போடவில்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தோம், இந்த நாளைக் கழிக்காதே" என்று கப்பல்காரர் வாதாடுவார்கள். அதற்குத்தான் செய்மதிக் கருவியும், ஒவ்வொரு சுருக்குவலைக் கப்பலிலும் ஒரு கண்காணிப்பாளரும்.

நம் கடலுக்கு வராததன் காரணம் புவியியல். உலகச் சூரை மீனில் ஒரு பெரிய பங்கு அந்த 8 நாடுகளின் கடலுக்குள், ஒன்றையொன்று தொட்டபடி கிடக்கிறது. இடையிலுள்ள சர்வதேசக் கடலில் வலை போட்டால் எங்கள் கடலுக்கு உரிமம் இல்லை என்று அவர்களால் மிரட்ட முடிகிறது. தனியொரு நாடு இப்படிப் பேசினால் கப்பல் பக்கத்து நாட்டுக்குப் போய்விடும்.

கேள்வி: குற்றவாளியே தனக்குத்தானே மன்னிப்பு வழங்கிய நாடு எது?
(பல்கலைக்கழக மாணவர், ஒலுவில்)

பதில்: வனுவாட்டு, 2015 ஒக்டோபர். இலஞ்ச வழக்கில் பாராளுமன்ற உறுப்பினர் 14 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. அவர்களில் ஒருவர் சபாநாயகர். சனாதிபதி வெளிநாடு போயிருந்ததால் யாப்பின்படி அவரே பதில் சனாதிபதி. தண்டனை அறிவிக்குமுன் தனக்கும் சகாக்களுக்கும் மன்னிப்பு எழுதிவிட்டார். திரும்பி வந்த சனாதிபதி போல்ட்வின் லோன்ஸ்டேல் அதை ரத்துச் செய்தார். எல்லோருக்கும் தண்டனை விழுந்தது, பெரும்பாலானோர் சிறைக்கே போனார்கள்.

அங்கே அரசுகள் அடிக்கடி கவிழக் கட்சி தாவல்தான் காரணம். 2024 மே மாதம் நாட்டின் முதல் பொதுசன வாக்கெடுப்பை நடத்தி, கட்சியை விட்டு விலகினால் ஆசனம் போகும் என்று யாப்பில் எழுதினார்கள். நம் யாப்பிலும் 99 ஆம் உறுப்புரை அதையே சொல்கிறது. ஆனால் நீக்கப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். அந்த வாசலால் எத்தனை பேர் தப்பினார்கள் என்பதை நீங்களே அறிவீர்கள்.

கேள்வி: சொலமன் தீவுகளில் அபிவிருத்திப் பணம் எம்.பி. கையால்தான் வருமாமே. இங்கேயும் பன்முகப்படுத்தப்பட்ட நிதி அப்படித்தானே?
(கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளர், சம்மாந்துறை)

பதில்: அளவிலும் வழியிலும் வித்தியாசம். இங்கே உறுப்பினர் வேலையை முன்மொழிவார். பணம் மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம் வழியாக மதிப்பீட்டுப் பத்திரத்தோடு வரும். சொலமன் தீவுகளின் 50 தொகுதிகளில் நிதியின் பயனாளி யார் என்பதில் உறுப்பினரின் சொல்தான் செல்லும். தொகுதி அலுவலரும் அவருடைய ஆளாகத்தான் இருப்பார். கூரைத்தகடு, வெளியிணைப்பு இயந்திரம், மரம் அறுக்கும் செயின்சோ, சூரியமின் தொகுதி என்று வீட்டுக்கு வீடு கொடுப்பதில் பணம் கரையும். பாலமும் ஆஸ்பத்திரியும் அப்படியே கிடக்கும். தேர்தலுக்கு முன் பொருள் கிடைக்கும் தொகுதிக்குப் பெயரை மாற்றிப் பதிபவர்களும் உண்டு. 2023 இல் புதுச் சட்டம் வந்தது. எங்களுக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. எந்தச் சட்டமானாலும் பயனாளிப் பட்டியல் ஊர்ப் பலகையில் ஒட்டப்படுகிறதா என்பதை முதலில் பாருங்கள். உங்கள் சங்கமும் அதைத்தான் பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேட்கவேண்டும்.

கேள்வி: சுனாமிக்குப் பிறகு எங்களை நாவலடியிலிருந்து எழுப்பினார்கள். பீஜியில் கடல் ஏறும் ஊர்களை எப்படி எழுப்புகிறார்கள்?
(வாசகி, திராய்மடு)

பதில்: வனுவா லெவு தீவின் வுனிந்தொங்கொலோவா என்ற சிற்றூர் 2014 இல் சுமார் 2 கிலோமீற்றர் உள்ளே போனது. கடல்சுவர் கட்டிக் கட்டி உடைந்த பிறகு ஊரே அரசிடம் கேட்டது. போன இடமும் அதே குலத்தின் காணி. அதனால் காணிச் சண்டை இல்லை, மீன்பிடி எல்லையும் மாறவில்லை. வீட்டுக்கான மரத்தை ஊர்க்காடு கொடுத்தது. பிழை வரைபடத்தில். வீடுகளில் குசினி இல்லை. சமைப்பவர்களிடம் கேட்காமல் வரைந்தால் அப்படித்தான் வரும்.

இதைப் பார்த்துத்தான் 2018 இல் வழிகாட்டியும், 2019 இல் இடமாற்ற நிதிச் சட்டமும், 2023 இல் படிமுறை ஏடும் வந்தன. வரிசை இப்படிப் போகும்: ஊரின் கோரிக்கை, ஆபத்து மதிப்பீடு, அதே இடத்தில் காப்பாற்ற வழி உண்டா என்ற ஆய்வு, புது இடத்துக் காணிக்காரரின் சம்மதம், அதன்பிறகே வீட்டு வரைபடம். உங்கள் ஊரில் முதலில் வந்தது எது?

கேள்வி: பீஜி வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரும் இல்லை, ஆள் பெயரும் இல்லை என்பது மெய்யா?
(வாசகர், பொத்துவில்)

பதில்: மெய். 2013 யாப்பின்படி நாடு முழுக்க ஒரே தொகுதி. சீட்டில் இருப்பது இலக்கங்கள் மட்டும். வாக்காளர் கையேட்டைப் பார்த்துத் தன் ஆளின் இலக்கத்தில் அடையாளம் இடவேண்டும். நம் விருப்பு இலக்கம் போலத்தான், ஆனால் இங்கே கட்சிச் சின்னமாவது துணைக்கு இருக்கிறது. இலக்கத்தை மாறிப் போட்டால் வாக்கு வேறு கட்சிக்கே போய்விடும். நாடளாவிய வாக்கில் 5 வீதம் எடுக்காத கட்சிக்கு ஆசனம் கிடையாது. 2022 இல் சித்திவேனி ரம்புக்கா பிரதமரானது 55 பேர் சபையில் 28 க்கு 27 என்ற கணக்கில்.